அடர்காட்டில் வழி தேடும் ஓட்டம்

ஓரியன்டீரிங் என்பது, முன்பின் பார்த்திராத ஒரு காட்டில், வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டிய இடங்களை வரிசை தவறாமல் தேடிப் பிடித்து, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்க்கும் ஓட்டப் பந்தயம். இதில் பாதை போட்டுத் தருவதில்லை. அம்புக்குறி கிடையாது, வழிகாட்ட ஆளும் கிடையாது. ஓடுபவர் கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து வழி கண்டுபிடித்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வரைபடமும் ஓட்டம் தொடங்கும் நொடியில்தான் கைக்கு வரும். பெரிய போட்டிகள் என்றால், நடக்கப்போகும் காட்டுக்குள் போட்டியாளர்கள் முன்கூட்டியே கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள்.

நகரத் தெருக்களிலும் பூங்காக்களிலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் ஸ்பிரின்ட் வகையும் இந்த விளையாட்டில் உண்டு. காட்டுக்குள் ஓடும் நெடுந்தொலைவுப் பந்தயத்தின் குணம் வேறு. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடவர் நெடுந்தொலைவை வெல்பவரே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காட்டுக்குள் இருப்பார். சாதாரணப் போட்டியாளருக்கு அதுவே மூன்று மணி நேரமாக நீளும். அத்தனை நேரமும் கால்கள் சேற்றிலும் பாறையிலும் புதரிலும் ஓடிக்கொண்டிருக்க, மனம் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். உடலின் வேகத்துக்கும் வாசிப்பின் வேகத்துக்கும் பொருத்தம் குலையாமல் கடைசிவரை காப்பாற்றுவதுதான் இந்தப் பந்தயத்தின் சாரம். கால் முந்திக்கொண்டால் ஆள் தொலைந்து போவார். வாசிப்புக்காகக் கால் நின்றுவிட்டால் பந்தயம் போய்விடும்.

ராணுவத்திலிருந்து காட்டுக்கு

இதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன், நார்வே ராணுவங்கள் தந்த பயிற்சியில் இருக்கிறது. அறியாத நிலத்தை வரைபடத்தின் துணையால் கடப்பது படைவீரருக்கு வேண்டிய திறமை. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேத் தலைநகருக்கு அருகே நடந்தது. 19.5 கிலோமீட்டர் தொலைவுக்குத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலைகள் மூன்றே மூன்றுதான் வைத்திருந்தார்கள். பெடர் ஃபாசும் என்பவர் 1 மணி 47 நிமிடத்தில் முடித்து வென்றார். அன்றைய வரைபடங்களில் பெரிய பாதைகளும் ஏரிகளும் பண்ணை வீடுகளும்தான் தெரியும். ஆகவே நிலைகளையும் அப்படிப்பட்ட இடங்களில்தான் வைக்க முடிந்தது. தேடும் திறமையைவிட ஓடும் திறமைக்கே அதில் வேலை அதிகம்.

ஸ்வீடனில் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் இதை மக்கள் விளையாட்டாக மாற்றினார். இளைஞர்களுக்குத் தடகளத்தில் ஆர்வம் குறைந்து வருவதைக் கண்ட அவர், ஸ்டாக்ஹோமுக்கு அருகே சால்ட்ஷோபாடனில் 1919இல் நடத்திய போட்டிக்கு 200க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பந்தயத்தடம் அமைப்பது எப்படி, வயதுவாரியாகப் பிரிப்பது எப்படி என்ற நெறிமுறைகளை வகுத்தவரும் அவர்தான். 1961இல் கோபன்ஹேகனில் பத்து நாடுகள் கூடிச் சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பைத் தொடங்கின. முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1966இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்ற ஊரில் நடந்தது.

வட ஐரோப்பாவில் இந்த விளையாட்டு வேர்பிடித்ததற்குக் காட்டின் பரப்பு மட்டும் காரணமல்ல. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றிலும், காடு யாருடைய சொத்தாக இருந்தாலும் சேதம் செய்யாமல் அதில் நடக்கவும் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. வேலி போட்டு மறிக்கும் நாட்டில் பாதையில்லா ஓட்டம் வளர்வது கடினம். பரிசுப் பணத்தையும் தொலைக்காட்சியையும் விட இந்த விளையாட்டுக்கு அதிகம் உதவியது இந்தப் பழைய உரிமைதான்.

காட்டைக் காகிதத்தில் எழுதுவது

ஓரியன்டீரிங் வரைபடத்தைப் பள்ளி நிலவரைபடத்தோடு ஒப்பிடவே முடியாது. நெடுந்தொலைவுக் காட்டுப் பந்தயத்தின் அளவை 1:15000. அதாவது காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 150 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்பது 15 மீட்டர்தான். ஒரு மீட்டருக்குமேல் உயரமுள்ள தனிப் பாறாங்கல்கூட அதில் கரும்புள்ளியாக இருக்கும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் சொல்லும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 5 மீட்டர் உயர வித்தியாசம். நீர்நிலைகளும் சதுப்பும் நீலம். பாறை, கட்டடம், பாதை எல்லாம் கருப்பு.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது வெள்ளையைப் பார்த்துத்தான். வெள்ளை என்றால் வெட்டவெளி என்றே யாருக்கும் தோன்றும். இந்த வரைபடத்தில் வெள்ளை என்பது தடையின்றி ஓடக்கூடிய காடு. மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும், அடியில் புதர் இருக்காது. வெட்டவெளிக்கு மஞ்சள் நிறம். பச்சை நிறம் காட்டுவது மரத்தையல்ல, தடையை. வெளிர்பச்சையில் ஓட்ட வேகம் 60 முதல் 80 சதவீதமாகக் குறையும். நடுப்பச்சையில் 20 முதல் 60 சதவீதம்தான் மிஞ்சும், பெரும்பாலும் நடைதான். கரும்பச்சை என்றால் 20 சதவீதத்துக்கும் கீழே. இளம் ஸ்புரூஸ் மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கும் இடத்தில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உடலைத் திணித்துத்தான் நுழைய வேண்டும். ஆக, இந்த வரைபடம் காடு எப்படி இருக்கிறது என்பதோடு, அதில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உலகில் எந்த நாட்டில் ஓடினாலும் நிறமும் குறியீடும் ஒன்றே. ஜப்பான் காட்டு வரைபடத்தைப் போர்ச்சுகல் வீரர் ஒரு சொல்கூடப் படிக்காமல் புரிந்துகொள்வார்.

இப்படி ஒரு வரைபடம் செய்ய ஆட்கள் காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும். இன்று விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சித் தரையின் வடிவத்தை அளந்துவிடுகிறார்கள். மர நிழலுக்கு அடியில் மறைந்திருக்கும் மேடுபள்ளமும் அதில் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பாறாங்கல் ஓடி வருபவர் கண்ணுக்குப் படுமா, இந்தப் புதர் வெளிர்பச்சையா நடுப்பச்சையா என்பதையெல்லாம் வரைபவர்தான் நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். எதை வரைவது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பது பெரிய கலை. எல்லாவற்றையும் வரைந்தால் ஓடுபவரால் படிக்க முடியாது.

வரைபடத்தின் மேல் பந்தயத்தடத்தை ஊதா நிறத்தில் அச்சிடுவார்கள். முக்கோணம் தொடக்கம். வட்டங்கள் தேட வேண்டிய நிலைகள். இரட்டை வட்டம் முடிவு. ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும், நிலத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள துணிப் பெட்டி ஒன்று தொங்கும். அதைக் கன்ட்ரோல் என்கிறார்கள். அங்கே விரலில் கட்டிய சிப்பை மின்னணுப் பெட்டியில் தொட்டால் நேரம் பதிவாகிவிடும். ஒன்றை விட்டாலும் வரிசை மாறினாலும் ஓட்டம் செல்லாது.

வட்டத்துக்குள் பல பாறைகள் இருக்கலாம். அவற்றில் எது என்று சொல்ல, ஒவ்வொருவர் முன்கையிலும் குறியீடுகள் அச்சிட்ட ஒரு சீட்டு கட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் 7. இது ஏழாவது கன்ட்ரோல். அடுத்தது 154, கன்ட்ரோல் மீது எழுதியிருக்கும் எண். இந்த எண்கள் 31இலிருந்துதான் தொடங்கும், வரிசை எண்ணோடு குழம்பக் கூடாது என்பதற்காக. அடுத்து ஓர் அம்பு: கிழக்குப் பக்கத்தது. பிறகு ஒரு கறுப்பு முக்கோணம்: பாறாங்கல். அதன் பக்கத்தில் 2 என்று உயரம். கடைசியில் சிறு வட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி: பாறையின் வடமேற்குப் பக்கம். இவ்வளவும் ஓட்டத்தில், வியர்வை வழியும் கண்ணோடு, ஒரு நொடியில் படித்தாக வேண்டும். வடமேற்கு என்பதைக் கவனிக்காதவர் இரண்டு மீட்டர் பாறையின் மறுபக்கம் வழியாகவே ஓடிவிடக்கூடும்.

ஊசியும் கட்டைவிரலும்

திசைகாட்டி பழைய கருவிதான். ஆனால் ஓடுபவர் கைக்கு ஏற்ற வடிவம் 1930களில் ஸ்வீடனில் உருவானது. ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் குன்னர் டில்லாண்டரும் சேர்ந்து, ஊசிக்கூட்டை ஒளி ஊடுருவும் தட்டின்மேல் பொருத்திக் கோணமானியோடு இணைத்தார்கள். சில்வா நிறுவனம் அப்படிப் பிறந்தது. ஊசி இருக்கும் கூட்டில் திரவம் நிரப்பியதால் நடுக்கம் அடங்கிச் சட்டென்று நின்றது. இன்று பெரும்பாலோர் கட்டைவிரலில் மாட்டும் வகையைப் பயன்படுத்துகிறார்கள். வரைபடத்தைப் பிடித்திருக்கும் அதே கையில் திசைகாட்டியும் இருப்பதால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

புவியியல் வடக்கும் காந்த வடக்கும் ஒன்றல்ல என்பது பள்ளியில் படிப்பதுதான். இந்த வரைபடங்களில் அந்தத் தொல்லை இல்லை. காந்த வடக்குக்கே கோடுகள் போட்டிருப்பார்கள். ஊசி அந்தக் கோடுகளுக்கு இணையாக நிற்கும்படி வரைபடத்தைத் திருப்பினால் போதும். காகிதத்தில் இடப்பக்கம் இருக்கும் குன்று தரையிலும் இடப்பக்கம் இருக்கும். தேர்ந்தவர்கள் திசை மாறும்போதெல்லாம் வரைபடத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே ஓடுவார்கள். இருக்கும் இடத்தில் கட்டைவிரல் நுனியை வைத்து, முன்னேற முன்னேற விரலையும் நகர்த்துவார்கள். கண் காகிதத்தை விட்டுக் காட்டைப் பார்த்துத் திரும்பும்போது விட்ட இடம் தயாராகக் கிடைக்கும். எளிய பழக்கம் போலத் தோன்றும் இதைக் களைத்த நிலையிலும் கைவிடாமல் இருப்பவர்களே பெரிய பந்தயங்களில் நிலைக்கிறார்கள்.

திசைகாட்டியை மட்டும் நம்பி நேராக ஓடலாமே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அதன் ஆபத்து விளங்கும். 500 மீட்டர் ஓட்டத்தில் திசை 5 டிகிரி விலகினால், சேரும் இடம் ஏறத்தாழ 44 மீட்டர் தள்ளிப்போகும். 20 மீட்டருக்குமேல் கண் எட்டாத அடர்காட்டில் கன்ட்ரோல் தென்படவே படாது. மரத்தைச் சுற்றுவதும் பாறையில் ஏறி இறங்குவதும் 5 டிகிரியைத் தாண்டி விலக்கிவிடும். அதனால் திசைகாட்டி தரும் பொதுத் திசையோடு, போகும் வழியில் வரும் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

எந்த வழி?

நெடுந்தொலைவுப் பந்தயத்தைத் தீர்மானிப்பது வழித் தேர்வு. தடம் அமைப்பவர் வேண்டுமென்றே இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று கிலோமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஒரு மலையையோ ஏரியையோ பச்சைப் பகுதியையோ வைத்துவிடுவார். நேராகப் போவதா, இடப்பக்கம் சுற்றுவதா, வலப்பக்கம் சுற்றுவதா? தவறான பதில் என்று ஒன்று வெளிப்படையாகத் தெரியாது. ஆனால் இரண்டு நிமிடம் இங்கேதான் போகும், இங்கேதான் வரும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் மலைநடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இதைச் சுருக்கினால் ஒரு மீட்டர் ஏற்றம், சமதரையில் 8 மீட்டருக்குச் சமம். காட்டு ஓட்டக்காரர்களுக்கும் இது கைகொடுக்கிறது. இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையிலான ஒரு கட்டம் நேர்கோட்டில் 1200 மீட்டர், 60 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கு 480ஐக் கூட்டினால் 1680. சுற்றுவழியோ 1700 மீட்டர், 10 மீட்டர் ஏற்றம், கூட்டினால் 1780. நேர்வழியே நல்லது போலத் தெரிகிறது. ஆனால் நேர்வழியில் 300 மீட்டர் நடுப்பச்சையில் போகிறது, அங்கே வேகம் பாதி. இன்னொரு 300ஐச் சேர்க்க வேண்டும். இப்போது நேர்வழி 1980 ஆகிறது, சுற்றுவழி வென்றுவிடுகிறது. இதற்கு மேல் சுற்றுவழியில் பாதை இருந்தால், அதில் ஓடும் நேரத்தில் அடுத்தடுத்த கட்டங்களையும் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளலாம். கணக்கில் வராத அந்த லாபம் பந்தயத்தின் பிற்பகுதியில் பெரிதாகத் தெரியும்.

ஓடிக்கொண்டே யாரும் இப்படிக் கூட்டிக் கழிப்பதில்லை. பல ஆண்டுப் பழக்கம் அதைப் பார்வையாக மாற்றிவிடுகிறது. தேர்ந்தவர்கள் வழியைப் பின்னாலிருந்து தொடங்கித் தீர்மானிப்பார்கள். முதலில் கன்ட்ரோலைப் பார்ப்பார்கள். அதற்கு 100, 150 மீட்டருக்குள் தவறவே விட முடியாத ஓர் அடையாளம், அதாவது பாதை வளைவோ சதுப்பின் முனையோ பெரிய செங்குத்துப் பாறையோ இருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கிருந்துதான் கன்ட்ரோலை நோக்கிய கடைசிப் பாய்ச்சல். அந்த இடத்துக்கு வந்து சேர எது வசதியான வழி என்பதை அதன்பிறகுதான் யோசிப்பார்கள். தொடக்கத்திலிருந்து வழி தேடுகிறவர் ஓட வசதியான பக்கமாகப் போய்விட்டு, கடைசியில் கன்ட்ரோலுக்கு மோசமான பக்கத்திலிருந்து வந்து நிற்பார்.

கட்டத்தின் நடுப்பகுதியில் வேகமும் எளிமையும் வேண்டும். ஓடை, மின்கம்பி வரிசை, பாறை வரப்பு என்று நீளமாகப் போகும் ஏதாவது ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓடினால் அடிக்கடி வரைபடம் பார்க்க வேண்டாம். கன்ட்ரோலைத் தாண்டிப் போய்விட்டால் எது தடுத்து நிறுத்தும் என்பதையும் முன்பே குறித்துக்கொள்வார்கள்: "ஏரிக்கரை வந்துவிட்டால் அதிகம் வந்துவிட்டேன்." ஓடையும் பாதையும் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டுமென்றால், சரியாக அந்தப் புள்ளியைக் குறிவைக்காமல் வேண்டுமென்றே இடதுபுறம் தள்ளி ஓடையை அடைவது இன்னொரு தந்திரம். அப்போது வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும் என்பது உறுதி. நேராகக் குறிவைத்துத் தவறியவருக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

கன்ட்ரோலை நெருங்கும்போது வேகம் குறைய வேண்டும். சிலர் இங்கே காலடிகளை எண்ணுவார்கள். பாதையில் 100 மீட்டருக்கு 40 இரட்டை அடி வைப்பவருக்குக் காட்டில் அதே தொலைவு 50ஐத் தாண்டலாம். தன்னுடைய எண்ணிக்கை என்ன என்பதைப் பயிற்சியில் கண்டு வைத்திருக்க வேண்டும், களைப்பு ஏற ஏற அடி சுருங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொலைந்த பின்

எவ்வளவு பழகியவரும் தொலைவார். உலகச் சாம்பியன்கள் தவறே செய்யாதவர்கள் அல்ல, தவறை இருபது முப்பது நொடிக்குள் கண்டுபிடித்துவிடுகிறவர்கள். சாதாரணப் போட்டியாளர் அதே தவறுக்குப் பத்து நிமிடம் கொடுப்பார்.

மிகவும் ஏமாற்றுவது இரட்டைத் தோற்றம். ஒரே சரிவில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஓடுபவர் இரண்டாவதில் நின்றுகொண்டு முதலாவது என்று நம்புவார். பள்ளம் சரி, திசை சரி, பக்கத்தில் சதுப்பும் இருக்கிறது. பாறை மட்டும் இல்லை. அப்போது மனம் தன் நம்பிக்கைக்கு ஏற்றபடி நிலத்தை வளைக்கத் தொடங்கும்: வரைந்தவர் விட்டிருப்பார், அந்தச் சின்னக் கல்லைத்தான் பாறை என்று போட்டிருப்பார். வரைபடத்தைக் குறை சொல்லத் தொடங்கும் நொடிதான் எச்சரிக்கை மணி. அந்த நிலையில் வட்டமடித்துத் தேடக் கூடாது. நின்று, வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்பி, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அதன்பின் எத்தனை நிமிடம் ஓடினேன், எந்தச் சரிவு ஏறினேன் என்று யோசிக்க வேண்டும். அப்படியும் புரியாவிட்டால் அருகிலுள்ள பெரிய அடையாளத்துக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்குவதுதான் வழி. வந்த வழியே திரும்புவதற்கு மனம் இடம் கொடுக்காது. அதைச் செய்கிற துணிவு நெடுந்தொலைவில் தனித் திறமை.

பந்தயத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தவறுகள் பெருகும். உடலில் சர்க்கரை குறையக் குறைய முதலில் மங்குவது கவனம். கால் ஓடிக்கொண்டிருக்கும், கண் வரைபடத்தைப் பார்க்கும், பார்த்தது மனதில் பதியாது. அதனால்தான் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் இடங்களில் நிற்காமல் போவதைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. தடம் அமைப்பவர்களும் களைப்பு ஏறிய பிறகு நுணுக்கமான பாறைக்காட்டைக் கொண்டுவந்து வைப்பதுண்டு. பிரான்சின் தியெரி கியோர்ஜியு நடுத்தொலைவில் பலமுறை உலகச் சாம்பியனான பிறகு, முப்பது வயதைத் தாண்டித்தான் நெடுந்தொலைவை வென்றார். 2011க்கும் 2015க்கும் இடையில் நான்கு முறை. நார்வேயின் உலாவ் லுண்டானெஸ் 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றார். இருவருமே வேகத்தைக் கடைசிவரை ஒரே சீராக வைத்திருந்தவர்கள். பெண்களில் சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி எல்லாத் தொலைவுகளையும் சேர்த்து 23 உலகத் தங்கம் வாங்கியிருக்கிறார். அவர் 2003இலும் 2005இலும் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்களில் நான்கு பந்தயங்களிலும் தங்கம் வென்றார்.

இரவுக் காட்டில் ஏழு பேர்

இந்தத் திறமைகள் எல்லாம் ஒரே இரவில் சோதிக்கப்படும் இடம் பின்லாந்தின் யூகோலா. 1949இல் தொடங்கிய தொடரோட்டம். அலெக்சிஸ் கிவி எழுதி 1870இல் வெளிவந்த 'ஏழு சகோதரர்கள்' நாவலில் வரும் சகோதரர்களின் வீட்டுப் பெயர்தான் யூகோலா. கல்விக்கும் கட்டுப்பாட்டுக்கும் அடங்க மறுத்துக் காட்டுக்குள் ஓடிப்போன ஏழு பேரின் கதை அது. ஆகவே ஒரு அணிக்கு ஏழு பேர். 1978இல் தொடங்கிய பெண்கள் தொடரோட்டத்துக்கு, சகோதரர்கள் விரும்பிய பக்கத்து வீட்டுப் பெண் வென்லாவின் பெயர். அதில் நான்கு பேர்.

ஜூன் நடுவில், சனிக்கிழமை இரவு 11 மணிக்கு முதல் ஓட்டக்காரர்கள் புறப்படுவார்கள். ஓர் அணிக்கு ஒருவர் என்று ஆயிரத்துக்கும் அதிகமானோர், நெற்றியில் விளக்கோடு, ஒரே நேரத்தில். பின்லாந்தின் கோடை இரவு முழு இருட்டல்ல என்றாலும், ஸ்புரூஸ் மரங்களின் அடியில் விளக்கில்லாமல் வரைபடம் தெரியாது. வெல்லும் அணியின் ஏழாவது ஆள் வந்து சேரும்போது காலை ஏறத்தாழ ஏழு மணியாகியிருக்கும். காத்திருப்பவர்கள் விறகடுப்பு மூட்டிய ராணுவக் கூடாரங்களில் உறங்குவார்கள். தன் முறை வரும்போது எழுந்து வந்து, நள்ளிரவிலோ விடியலிலோ ஓடியவரின் கையிலிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் மறைவார்கள்.

இரவில் காடு சுருங்கிவிடும். பகலில் தூரத்துக் குன்று தெரியும், சரிவின் வடிவம் தெரியும். இரவில் விளக்கொளியின் வட்டம்தான் உலகம். அதற்குள் வரும் பாறையும் தரையின் சாய்வும் மட்டுமே துணை. ஆகவே திசைகாட்டியின் பங்கு கூடுகிறது, பாதையையும் ஓடையையும் ஒட்டிய வழிகளுக்கு மவுசு கூடுகிறது, வேகம் குறைகிறது.

ஆயிரம் பேர் சேர்ந்து புறப்பட்டால் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து ஓடினால் போதாதா? போதாது. முதல் ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே தடம் தருவதில்லை. சில கன்ட்ரோல்களுக்கு மூன்று நான்கு மாற்றுகள் இருக்கும். பக்கத்து அணிக்காரர் சற்றுத் தள்ளியுள்ள வேறு பாறைக்குப் போவார். ஏழு பேரும் ஓடி முடிக்கும்போது எல்லா அணிகளும் எல்லா மாற்றுகளையும் ஓடியிருக்கும் என்பதால் அநியாயம் இல்லை. கூட்டத்தை நம்பி வந்தவர் கன்ட்ரோலில் எண்ணைப் பார்ப்பார். சீட்டில் 87, எதிரே 92. விரலில் உள்ள சிப்பைத் தொட்டுவிட்டுப் பறந்தால் ஏழு பேரின் உழைப்பும் வீண். அந்த ஓர் எண்ணைச் சரிபார்க்காமல் தகுதி இழந்த அணிகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அதே சமயம் கூட்டத்தை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. சதுப்பில் ஆயிரம் கால்கள் போட்ட தடம் பின்னால் வருபவருக்குச் சாலை மாதிரி. அது எதுவரை தன் கன்ட்ரோலுக்கும் வழி என்று தெரிந்துகொண்டு, சரியான இடத்தில் பிரிந்து போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஸ்வீடனில் 1945 முதல் நடக்கும் தியூமிலா இதற்கு இணையானது. அங்கே ஒரு மைல் என்பது 10 கிலோமீட்டர். பத்து மைல் என்ற பெயருக்கு ஏற்றபடி பத்துப் பேர் சேர்ந்து ஓடுவார்கள். வசந்தத்தின் தொடக்கம் என்பதால் இரவு யூகோலாவைவிட இருண்டது, குளிர்ந்தது. அதன் நடுவில் வரும் 'நீண்ட இரவு' என்ற கட்டத்தை ஓடுவதற்கென்றே சங்கங்கள் ஆள் தயார் செய்வதுண்டு.

காயமும் கடமையும்

காட்டில் ஓடுவதால் கணுக்கால் பிறழ்வதும் கிளை குத்துவதும் வழக்கம். முழங்காலுக்குக் கீழே தடித்த உறை, அடியில் உலோக முள் பதித்த காலணி, உடலை மறைக்கும் ஆடை என்று ஓடுபவர்கள் தயாராகவே வருவார்கள். உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் பரவும் வட ஐரோப்பியப் பகுதிகளில் பலர் அதற்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள்கிறார்கள். அடிபட்டவருக்கு உதவுவது எல்லாப் போட்டியாளர்களின் கடமை என்று சர்வதேச விதியே சொல்கிறது.

அந்த விதி எழுத்தோடு நிற்கவில்லை என்பதை 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் காட்டியது. ஆடவர் தொடரோட்டத்தின் கடைசிக் கட்டம். பதக்கத்துக்கான போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்வீடன் வீரர் மார்ட்டின் ஜோஹான்சனின் தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகப் பாய்ந்தது. அவரோடு மோதிக்கொண்டிருந்த பிரான்சின் கியோர்ஜியு, நார்வேயின் ஆன்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா மூவரும் பந்தயத்தை விட்டுவிட்டு அவர் பக்கம் நின்றார்கள். ரத்தத்தை அடக்கிக் காயத்தைக் கட்டி, உதவியை வரவழைத்து, அவரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஜோஹான்சன் பிழைத்தார். தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. வரிசையில் முன்னால் இருந்த நான்கு நாடுகளும் பதக்கம் இல்லாமல் திரும்பின. பாதையில்லாத காட்டில், அடுத்து வருபவர் வேறு வழியில் போய்விட வாய்ப்பிருக்கும் இடத்தில், முதலில் கண்டவர் நிற்காவிட்டால் வேறு யாரும் வராமலே போகலாம். நின்ற மூவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஓட்டம் முடிந்த பிறகு

முடிவுக்கோட்டில் சிப்பைப் படித்ததும் ஒரு சீட்டு கிடைக்கும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் அதில் தனித்தனியாக இருக்கும். பந்தயத்தின் இரண்டாம் பகுதி அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். சேறு காயாத காலோடு நான்கைந்து பேர் ஒரு வரைபடத்தைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள். பன்னிரண்டாவதற்கு நீ இடப்பக்கமா? நான் நேராக, கரும்பச்சையில் மாட்டிக்கொண்டேன். அந்த ஒரு கட்டத்தில் ஒருவர் 6 நிமிடம் 40 நொடி, மற்றவர் 9 நிமிடம். ஓடும்போது ஜிபிஎஸ் பதிவுக் கருவியைத் திரையைப் பார்க்காமல் கட்டிக்கொள்ளப் பல போட்டிகளில் இடம் உண்டு. வீட்டுக்குப் போய் அதன் கோட்டை வரைபடத்தின்மேல் ஏற்றிப் பார்த்தால், எங்கே தயங்கி நின்றார், எங்கே வட்டமடித்தார், எந்த இடத்தில் திசை விலகத் தொடங்கியது என்பது மீட்டர் கணக்கில் தெரியும். பெரிய தொடரோட்டங்களில் முன்னணி வீரர்களின் நகர்வை நேரலையாகவே வரைபடத்தில் காட்டுகிறார்கள். மரங்களுக்குள் மறைந்திருந்த இந்த விளையாட்டைப் பார்வையாளர்கள் பார்க்க முடிந்தது அதன் பிறகுதான்.

ஊக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு தவறையும் நோட்டில் எழுதுவார்கள்: எந்தக் கட்டம், எத்தனை நொடி, காரணம் என்ன. திட்டம் இல்லாமல் கன்ட்ரோலை விட்டுப் புறப்பட்டது, அருகில் ஓடியவரைப் பார்த்து வழி மாற்றியது, கடைசி அடையாளத்தில் வேகம் குறைக்காதது என்று காரணங்கள் சிலவே திரும்பத் திரும்ப வரும். அடுத்த பயிற்சி அந்தக் காரணத்துக்காகவே அமையும். வேகம் குறைக்கத் தவறுகிறவருக்குப் பாதைகளையெல்லாம் அழித்துச் சமவுயரக் கோடுகள் மட்டும் உள்ள வரைபடம் தருவார்கள். கூட்டத்தை நம்புகிறவரை இரவில் தனியாக அனுப்புவார்கள். திசைகாட்டியை நம்பாதவருக்கு, நடுவில் எதுவும் வரையாத வெள்ளைத் தாளில் இரண்டு வட்டங்களையும் வடக்குக் கோடுகளையும் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள்.